எழுத்தா, படமா

போர்லூயி. இரண்டாம் மாடி. எங்கள் எண் நாற்பத்தேழு.
பூஸ்பவதி மடியில் புட்டியைப் பிடித்திருக்கிறாள்.
மூடி சரியாக இல்லை,
வரிசை முழுக்க மஞ்சளும் வினிகரும் மணக்கிறது.
காவலாளி இரண்டு தரம் மூக்கைத் தேய்த்துவிட்டான்.

கடையைப் பதிந்து ஒரு வருடம் ஆகிறது.
ஒரு தாள், ஒரு எண், ஒரு முத்திரை.
அதிலேயே பெயரும் எங்களுக்கு வந்துவிட்டது என்றிருந்தோம்.
இல்லையாம்.
கடை இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி.
பெயர் யாருடையது என்பதற்கு
வேறு தாள், வேறு வரிசை, வேறு காசு.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஃப்ளாக் சந்தை.
எங்கள் சிவப்பு மூடி, எங்கள் பிலிம்பி,
எங்கள் 'மதினி'.
உள்ளே மட்டும் உப்பின் அளவு தெரியாத எவனோ போட்ட ஊறுகாய்.
எவனோ இல்லை, குமரேன்.
அவளுக்குத் தம்பி.
எனக்கு, போன டிசம்பரில் நீதிமன்றம் சொன்னபடி,
யாருமில்லை.

போனில் சிரித்தான்:
"என்னாலதானே நீங்க ரெண்டு பேரும் மதினி ஆனீங்க?
பேர்ல எனக்கும் பங்கு இருக்கு."
இதற்குச் சட்டத்தில் பதில் உண்டா என்று கேட்கத்தான்
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறோம்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன். சட்டையில் ஜெரெமி.
மதினி என்றால் என்ன என்று கேட்டான்.
"பெல்சேர்," என்றாள் பூஸ்பவதி.
அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.
பெல்சேர் எல்லார் வீட்டிலும் இருக்கிறாள், மதாம்,
பொதுச்சொல்லை ஒருவர் பூட்டிவைக்க முடியாது.
எனக்கே மூன்று பேர், என்றான், கொஞ்சம் வருத்தமாக.

பிறகு குரலைத் தாழ்த்தினான்.
எழுத்தைச் சற்றுக் கோணலாக்கிப் பாருங்கள்.
நடுவில் இன்னொரு டி. கடைசியில் இரண்டு ஈ.
பிழையாக எழுதினால் உங்களுடையது.
சரியாக எழுதினால் எல்லோருடையது.

என் அடையாள அட்டை மேசைமேல் கிடந்தது.
அருணாசலம் என்று கப்பலைவிட்டு இறங்கியவரை
இப்படி ஒரு மேசை, இப்படி ஒரு பேனா
ஆர்நாஷெலோம் ஆக்கி வெளியே அனுப்பியது.
உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர்,
யாரும் திருட நினைக்காத பெயர்,
விவாகரத்தில் நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சொத்து.

வேண்டாம் என்றேன்.
வீட்டுக்கு ஒரு பிழை போதும்.

பூஸ்பவதி பேசவில்லை. புட்டியைத் திருப்பிவைத்தாள்.
லேபிளில் அவள் கையெழுத்து,
தமிழ் வகுப்பை மூன்றாவதோடு விட்ட கை.
தி-யின் கொக்கியும் னி-யின் கொக்கியும்
நேரே நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்.

ஜெரெமி தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"இது எழுத்தா, படமா?
மழையில் இரண்டு பேர் நடந்து போகிற மாதிரி இருக்கிறதே."
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
படம், என்றேன்.
படமென்றால் வேறு கட்டம்.
அதில் டிக் போட்டான்.

காசை எண்ணிக்கொடுத்தேன்.
ஒவ்வொரு தாளிலும் தமிழில் நூறு ரூபாய்.
அதையும் படமென்றுதான் நினைத்திருப்பான்,
சரியாக எண்ணி வாங்கிக்கொண்டான்.

விண்ணப்பதாரர் இருவருக்கும் என்ன உறவு?
நான் பேனாவோடு நின்றேன்.
பங்காளி என்று போடச் சொன்னான்.
தமிழில் அந்தச் சொல்லுக்குச் சண்டை என்றும் பொருள் வரும்
என்று அவனுக்கு யார் சொல்வது.
போட்டோம்.

அரசிதழில் வருமாம்.
ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாமாம்.
குமரேன் எழுதுவான்.
எழுதட்டும், எழுத்துக்கூட்டி.

மாலை ஐந்து. ரோஸ்ஹில் பஸ்ஸில் நிற்க இடமில்லை.
நான் பின்னால், அவள் ஓட்டுநர் பக்கம்.
டிக்கெட்டுக்காரர் கை நீட்ட,
தலைகளுக்கு மேலே கத்தினாள்:
"மதினி, சில்லறை இருக்கா?"

நான்கு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.